சிவப்பு எண்ணைக் காட்டி மிரட்டுகிற துப்புரவுக்காரன்

கணினியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வருகிற மென்பொருள்களில் ஒன்றாவது, ஒரே ஒருமுறையாவது, "உங்கள் கணினி நன்றாகத்தான் இருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லாது. சொன்னால் அதற்குப் பிழைப்பு ஓடாது. காலையில் கடையில் வாங்கி மாலையில் பிரித்துவைத்த புத்தம்புதுக் கணினியில் ஓடவிட்டாலும் சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான கோளாறுகளை அடுக்கும். கோளாறு இருக்கிறது என்று நம்பவைப்பதுதான் அதன் தொழில்.

இந்தக் கூத்து எங்கள் வீட்டிலும் நடந்தது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் இருக்கும் மேசைக் கணினி அப்பாவுடையது. ஓய்வூதியக் கணக்கு, மின்கட்டணம், உறவினர் வீட்டுக் கல்யாணப் புகைப்படங்கள், தமிழில் அவர் தட்டச்சு செய்து வைக்கிற நீண்ட நீண்ட கடிதங்கள், எல்லாம் அதில்தான். ஏதோ ஓர் அரசு இணையதளத்தில் ஆவணம் ஏற்ற வேண்டியிருந்தது. கோப்பு 200 கே.பி.க்குள் இருக்க வேண்டுமாம். (இந்த 200 கே.பி. விதியை வகுத்த புண்ணியவான் யாராக இருந்தாலும், அவர் வீட்டு ஸ்கேனரும் எப்போதும் 2 எம்.பி. கோப்பையே துப்பட்டும்.) அப்பா, பி.டி.எஃப். கோப்பைச் சுருக்கித் தருகிற இலவசக் கருவி ஒன்றை இறக்கினார். அதன் நிறுவல் திரையின் அடியில், சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில், முன்பே டிக் அடித்து வைத்த ஒரு கட்டம். 'நெக்ஸ்ட்' பொத்தான் மட்டும் பச்சைப்பசேலென்று பெரிதாக. எழுபது வயதைக் கடந்த மனிதர் அந்தப் பொடி எழுத்தைப் படித்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. படிக்கக் கூடாது என்று திட்டமிட்டுத்தான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள்.

சுருக்கும் கருவியோடு சேர்ந்து இந்தத் துப்புரவு மென்பொருளும் உள்ளே வந்துவிட்டது. வந்த வேகத்தில், யாரும் கேட்காமலே, ஒரு சோதனை. திரை நடுவே கார் மீட்டர்போல ஒரு முள் ஏறி ஏறிச் சிவப்பில் போய் நின்றது. '1,843 பிரச்சினைகள். நிலை: அபாயம்.' கூடவே ஓர் எச்சரிக்கை மணி. கொஞ்சத்தை இலவசமாகச் சரிசெய்ததாம், மீதிக்குப் பணம் கட்ட வேண்டுமாம். சலுகை முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. சன்னலை மூடித் திறந்தால் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டார்.

அந்த 1,843 பிரச்சினைகளும் என்னவென்று உட்கார்ந்து ஒவ்வொரு வகையாக விரித்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. பெரும்பகுதி குக்கீகள். ஒரு செய்தித்தளத்தைத் திறந்தாலே டஜன் கணக்கில் வந்து விழுகிற சின்னஞ்சிறு கோப்புகள். அவற்றுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தனியுரிமை அச்சுறுத்தல்'. அடுத்தது தற்காலிகக் கோப்புகள். அவற்றை அழிக்க விண்டோஸ் 98 காலத்திலிருந்தே 'டிஸ்க் கிளீனப்' என்று ஒன்று கூடவே வருகிறது. விண்டோஸ் 10இல் 2017 முதல் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதியும் இருக்கிறது. செட்டிங்ஸில் ஒருமுறை முடுக்கிவிட்டால் அதுபாட்டுக்கு அழித்துக்கொண்டிருக்கும், காலணா கேட்காது. புகைப்படங்களின் சிறுபடங்களைச் சேமித்து வைக்கிற கோப்பையும் குப்பை என்று அழித்திருந்தது. கல்யாணப் புகைப்படக் கோப்புறையைத் திறந்தால் ஒவ்வொரு படமும் அழுது வடிந்து வருவது அதனால்தான். அழித்ததை விண்டோஸ் மறுபடி உட்கார்ந்து உருவாக்க வேண்டும்.

மிச்சம் இருந்தவை 'ரெஜிஸ்ட்ரி பிழைகள்'. மென்பொருள்களின் அமைப்புகளை விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும் பெரிய பதிவேடு அது. லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். என்றோ நீக்கிய மென்பொருளின் பதிவு சில நூறு அதில் தங்கிவிட்டால் கணினியின் வேகம் குறைந்துவிடாது. அவற்றை அழித்தால் வேகம் கூடிவிடவும் செய்யாது. ஆனால் தப்பான ஒன்றை அழித்துவிட்டால் எது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ரெஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பதிவேட்டை உருவாக்கியவனே கை வைக்காதே என்கிறான், இவர்கள் பணம் வாங்கிக்கொண்டு கை வைக்கிறார்கள்.

பணம் கட்டி எல்லாம் பச்சையான மறுநாள் காலையில் மறுபடியும் சில நூறு பிரச்சினைகள். வராமல் எங்கே போகும்? காலையில் அப்பா நாளிதழ் படித்தார், குக்கீ வந்தது. மின்னஞ்சல் பார்த்தார், தற்காலிகக் கோப்பு வந்தது. கணினியைப் பயன்படுத்துவதையே ஒரு நோய் என்று கணக்குப் பண்ணினால் குணமாவது எந்த ஜென்மத்தில்?

இது வெறும் மிரட்டலோடு நின்றிருந்தாலும் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். குக்கீகளை எல்லாம் துடைத்ததில் அப்பா உள்நுழைந்து வைத்திருந்த எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டார். பாதிக் கணக்குகளுக்கு என் கைபேசி எண்தான். அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும்போது அழைப்பு வரும்: "ஏம்மா, இன்னொரு ஓ.டி.பி. வந்திருக்கும், பார்த்துச் சொல்." சொல்வேன். மறுநாள் அந்தத் துப்புரவு மறுபடி ஓடும், மறுபடி எல்லாம் வெளியே, மறுபடி அழைப்பு.

அதைவிடக் கொடுமை தமிழ் தட்டச்சு. அப்பா இ-கலப்பை என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளில்தான் எழுதுவார். கணினியைத் திறந்ததும் கடிகாரத்தின் பக்கத்தில் அந்தச் சின்னம் வந்து உட்காரும், அவர் அம்மா என்று தட்டினால் அம்மா வரும். ஒருநாள் வரவில்லை. ஆங்கில எழுத்துகளாக விழுந்தன. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து, வெயிலில் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினார். அதுவும் ஆங்கிலம்தான் பேசியது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் (நம்மூர்க்காரர், திருவண்ணாமலைப் பக்கம்) சொல்லியிருக்கிறார்: "சார், தமிழ் கீபோர்டில் இல்லை, கணினிக்குள் இருக்கிறது. எதையோ யாரோ நிறுத்திவிட்டார்கள்." மாலையில் நான் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தேன். 'தொடக்க வேகத்தை அதிகரிக்கிறேன்' என்ற பெயரில் இ-கலப்பையை நிறுத்தியிருந்தது. பிரிண்டரின் மென்பொருளையும் நிறுத்தியிருந்தது. அந்தப் பட்டியலில் நிறுத்தப்படாமல், முதல் ஆளாக, கணினி கண்விழித்ததும் ஓடத் தயாராக நின்றது யார் தெரியுமா? அந்தத் துப்புரவு மென்பொருளேதான்! போதாக்குறைக்கு டாஸ்க் ஷெட்யூலரிலும் நுழைந்து, மணிக்கொரு தரம் தன்னை எழுப்பச் சொல்லி வைத்திருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பதை நான் இதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. அது ஓடுகிற ஒவ்வொரு முறையும் வட்டின் பயன்பாடு 100 சதவீதத்தைத் தொடும், அப்பா மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், பிறகு அதுவே 'உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது' என்று அறிவிப்பு அனுப்பும்.

இது ஏதோ எங்கள் வீட்டுத் தலையெழுத்து என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 'ஆஃபீஸ் டிப்போ' என்ற பெரிய கடைச் சங்கிலி, வாடிக்கையாளர்களின் கணினியை இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொல்லிவந்தது. கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி விளம்பரம் குதிக்கிறதா என்பதுபோல நான்கு கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று டிக் அடித்தாலே போதும், நச்சுநிரலின் அறிகுறி தெரிகிறது என்று முடிவு வந்துவிடும். நடுவில் ஓடிய ஸ்கேனுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை! 2019இல் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிடித்துக்கொள்ள, கடையும் அதன் மென்பொருள் கூட்டாளியும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள். 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள், இல்லாத கோளாறைக் காட்டி முதியவர்கள் உள்ளிட்ட பலரைப் பயமுறுத்திப் பணம் கறந்த வழக்கில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. முதியவர்கள் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது.

சரி, பேர்பெற்ற கருவியாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு 2017 நினைவிருக்க வேண்டும். உலகமே பயன்படுத்திய சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவல்காரர்கள் நச்சுநிரலைப் புகுத்திவிட்டார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. அந்த நிறுவனமும் அதில் பாதிக்கப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் கணினியின் மூலைமுடுக்கெல்லாம் அழிக்கிற அதிகாரத்தை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு அதன் வழியாகவே திருடன் வந்தால், காவலுக்கு யாரைப் போடுவது?

இதற்கெல்லாம் நம் ஊரில் சட்டம் இல்லை என்று சலித்துக்கொள்ளவும் முடியாது. இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏய்க்கிற 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, சந்தாவில் சிக்கவைப்பது, ஓயாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. கணினியில் வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்திப் போலியான நீக்கும் கருவியை விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டும் தன் பங்குக்கு, இப்படி மிரட்டிப் பணம் கேட்கிற துப்புரவுக் கருவிகளை வேண்டாத மென்பொருளாகக் கருதி நீக்குவோம் என்று 2018 மார்ச்சிலிருந்து விதி வைத்திருக்கிறது. எங்கள் கணினியில் விண்டோஸோடு வருகிற காவல் மென்பொருளான டிஃபெண்டர் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கும்? நம்மை மிரட்டுகிற இவர்கள், அதன் கண்ணில் படாமல் இருக்கத் தங்கள் சொற்களை மட்டும் வாரம்தோறும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்போல.

நீக்கப் போனபோது நடந்தது தனிக்கதை. அன்இன்ஸ்டால் அழுத்தினால் கண்ணீர் வடிக்கும் ஒரு பொம்மை. 'பாதுகாப்பைக் கைவிடுகிறீர்களா?' என்று கேள்வி. 'ஆம்' எங்கே என்று தேடினால் அது பொத்தானாகவே இல்லை, மூலையில் மங்கலான ஒரு வரி. அழுத்தியதும் பாதி விலைச் சலுகை. அதையும் மறுத்தால் ஏன் போகிறீர்கள் என்று ஒரு படிவம். எல்லாவற்றையும் தாண்டி நீக்கியாயிற்று என்று நிமிர்ந்தால், மறுநாளும் திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினி அபாயத்தில்' என்று அதே சிவப்புப் பெட்டி. இம்முறை அது வந்தது உலாவியிலிருந்து. நிறுவிய அன்றே ஏதோ ஒரு பக்கத்துக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதியை வாங்கி வைத்திருந்தார்கள். உலாவி அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளைத் திறந்து, அந்த முகவரியை நீக்கிய பிறகே அது ஓய்ந்தது. உலாவியோடு ஒட்டிக்கொள்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்றும் பதுங்கியிருந்தது. டாஸ்க் ஷெட்யூலரில் ஆளில்லாத பணி ஒன்று மட்டும் மணிக்கொரு தரம் அனாதையாக எழுந்துகொண்டிருந்தது. ஊரான் விட்ட குப்பையைத் தேடிப் பிடித்துக் காசு வாங்குகிறவர்கள், தங்கள் குப்பையை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

அந்தக் கணினி மெதுவாக இருந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? பழைய ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டில் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில் அதில் நூற்றில் ஒரு பங்கு. குக்கீயை அழித்தாலும் பதிவேட்டைச் சுரண்டினாலும் அந்தத் தட்டு வேகமாகச் சுழலப் போவதில்லை. கீபோர்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட அதே எஸ்.பி. ரோடு கடைக்காரரிடமே ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி, உள்ளதை எல்லாம் அதற்கு மாற்றினோம். இப்போது அப்பா பொத்தானை அழுத்திவிட்டுக் காபி டம்ளரை எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் கணினி தயாராக நிற்கிறது. இ-கலப்பையும் வந்துவிடுகிறது.

பாக்கி இருப்பது பணம். கட்டிய தொகைக்கு அடியில், ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் ஒப்புதலையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பதிவு செய்த தொடர் கட்டணம் 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். 24 மணி நேரத்துக்கு முன் ஒரு தகவல் வரும், அவ்வளவுதான். அப்பாவின் கைபேசியில் ஒரு நாளைக்கு வருகிற கடன் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதை யார் பார்ப்பது? வங்கியிடம் சொல்லி முதலில் அந்த ஒப்புதலை ரத்து செய்தோம். பிறகு, ஏமாற்றி வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருமாறு அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தரத் தயாராம். அதற்கு முன் மென்பொருளை மறுபடி நிறுவி, ஒரு முழு ஸ்கேன் ஓடவிட்டு, அந்த அறிக்கையை இணைத்து அனுப்ப வேண்டுமாம்!

அந்தப் பதிலை அப்படியே இணைத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது. பணம் வரவில்லை.