நடிகரா, மருத்துவமனைக்காரரா, பேராசிரியரா?

கேரி ஃபோலியின் பயோடேட்டாவை ஒரு எச்.ஆர். ஆளிடம் கொடுத்தால், இவர் ஒரு இடத்தில் நிலையாக நிற்க மாட்டார் போல என்று ஓரமாக வைத்துவிடுவார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிக்காரர். 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் பூர்வகுடி மருத்துவ சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்த வருடமே வெள்ளையர்களை நக்கலடிக்கும் மேடை நாடகத்தில் நடிப்பு, பிற்பாடு மெல்பர்னில் வரலாற்றுப் பேராசிரியர். இத்தனைக்கும் 15 வயதில் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவர்!

எனக்கென்னவோ இது மூன்று வேலையாகத் தெரியவில்லை. அன்றைய ரெட்ஃபர்ன் அப்படி. ஊர்ப்புறங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த பூர்வகுடிகள், தெருவில் நின்றால் போலீஸ் தொல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் இளக்காரம், அதனால் நோய் முற்றும்வரை போகாமலே இருந்துவிடுவார்கள். சரி, நாமே திறப்போம் என்று ஒரு கடையைப் பிடித்து கிளினிக் போட்டார்கள், டாக்டர்கள் சம்பளமில்லாமல் வந்தார்கள். ஏறக்குறைய அதே கூட்டம்தான் பூர்வகுடி நடிகர் பாப் மாஸாவோடு சேர்ந்து பிளாக் தியேட்டர் என்ற நாடகக் குழுவையும் நடத்தியது. நில உரிமைப் போராட்டம் சூடாக இருந்த 1972இல் தெருநாடகமும் போட்டது. அந்தத் தியேட்டரில் அரங்கேறிய ஒரு முக்கியமான நாடகத்தைச் சிறையில் இருந்தபடி எழுதிய ராபர்ட் மெரிட், 1984இல் ரெட்ஃபர்னிலேயே இயோரா என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார். ஆக, ஃபோலி மட்டும் விதிவிலக்கு இல்லை.

என் ஆதங்கம் வேறு. பூர்வகுடிகளே நடத்தும் மருத்துவ சேவைகள் இன்று ஆஸ்திரேலியா முழுக்க 140க்கும் மேல். பிளாக் தியேட்டரோ பணமில்லாமல் 1977இல் மூடப்பட்டது. கிளினிக்குக்குக் காசு கொடுக்கிற அரசுக்கு, வெட்கத்தை உடைத்து ஆளை அந்தக் கிளினிக் வாசல்வரை கூட்டிவருகிற நாடகம் மட்டும் ஆடம்பரச் செலவாகத் தெரிகிறது.

மெல்பர்னின் இல்பிஜெரி என்ற பூர்வகுடி நாடகக் குழு, ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய் பற்றி கமாரா பெல்-வைக்ஸ் எழுதிய நாடகத்தைச் சிறைகளுக்குள்ளேயே கொண்டுபோய் நடத்தியது. போதை ஊசியைப் பகிர்வதால் பரவும் நோய், வெளியே சொல்லவே கூசும். தங்களைப் போன்ற முகமும் பேச்சும் மேடையில் வந்து சிரிக்க வைத்தால்தான் அந்தப் பேச்சே தொடங்கும். நாடகம் பார்த்து எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள் என்று கணக்குக் கேட்பவர்கள், தயவுசெய்து துண்டுப்பிரசுரம் அச்சடிப்பவர்களிடமும் அதே கணக்கைக் கேளுங்கள்.