எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஏன் இவ்வளவு கோபம்?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழைய புத்தகம் சேகரிப்பவர்களின் குழுவில் நடந்ததை முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தக் குழுவில் நான் மதிக்கும் சேகரிப்பாளர் ஒருவர், சார் என்றுதான் அழைப்பேன், தன் வீட்டு ஹால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தத் தோல் துண்டின் படத்துக்குக் கீழே, "அழகா இருக்கு சார், இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பொறாமைக்காரி என்றார்கள். "காசு இருக்கிறவன் வாங்குறான், உனக்கென்ன?" என்றார்கள். கடைசியில் பதில் சொல்லாமலே கமென்ட்டை நீக்கிவிட்டார்கள். பழைய புத்தகத்தின் மீது அன்புள்ளவர்கள் கூடும் இடம் என்று நம்பித்தான் இத்தனை காலம் அந்தக் குழுவில் இருந்தேன்.

சுவரில் தொங்குவது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது யூதர்களின் வேதமான தோரா சுருளிலிருந்து வெட்டிய துண்டு. தோரா சுருள் என்பது மோசேயின் ஐந்து நூல்களையும் தோலின் மீது இறகுப் பேனாவால் கையால் எழுதியது. மொத்தம் 304,805 எழுத்துகள். எழுதி முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஒரே ஓர் எழுத்து அழிந்துபோனாலும் திருத்தும் வரை அதை ஜெபக்கூடத்தில் வாசிக்க மாட்டார்கள். திருத்தவே முடியாத அளவுக்குச் சிதைந்துவிட்டால் குப்பையில் போடுவதில்லை, மனிதரைப் புதைப்பதுபோல் மரியாதையோடு கல்லறைத் தோட்டத்தில் புதைக்கிறார்கள். ஒரு தோராவை விற்பதற்கே அவர்கள் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வேதம் படிக்க, திருமணம் செய்ய என்று விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்கள்தான்.

அப்படியென்றால் அதை வைத்து வழிபட்ட எவரும் அதைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்க மாட்டார்கள். வேறு யாரோதான் வெட்டியிருக்கிறார்கள். யார்? எப்போது? எந்த ஊரில்? நான் கேட்டது இதைத்தான்.

நாஜிகள் காலத்தில் தோரா தோலை வெட்டி ஷூவின் உள்ளடியாகப் போட்டார்கள், கைப்பை தைத்தார்கள். அப்படிப்பட்ட பொருட்கள் ஜெருசலேமின் யாத் வஷேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாரின் வீட்டுத் துண்டும் அப்படி வந்ததுதான் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆன்லைனில் விற்றவன் "அரிய யூதப் பழம்பொருள், 300 ஆண்டுகள் பழமை" என்று மட்டும் போட்டிருக்கிறான். ஊர் இல்லை, கைமாறிய வரலாறு இல்லை. வாங்கியவரும் கேட்கவில்லை. கேட்டவளைக் குழுவிலிருந்து துரத்துகிறார்கள்.

என் அப்பா மதுரையில் பைண்டிங் கடை வைத்திருந்தார். பெரிய படிப்பெல்லாம் இல்லை. பழைய புத்தகம் எது வந்தாலும் ஓரம் வெட்டுவதற்கு முன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார். நூலக முத்திரையோ பள்ளிக்கூட முத்திரையோ இருந்தால், "இது உங்ககிட்ட எப்படி வந்துச்சுண்ணே?" என்று கேட்பார். சரியான பதில் வராவிட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. ஒருமுறை முத்திரையைப் பிளேடால் சுரண்டிய ஒரு புத்தகம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் இன்று ஒரு நூலகத்தில் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன் என்றால் அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது. அதைக் கேட்கக் கூடாது என்று யார் சொன்னாலும் என்னால் முடியாது.

அந்த முத்திரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாஜிகள் ஐரோப்பா முழுக்கக் கொள்ளையடித்த யூதப் புத்தகங்களைப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் ஒரு கிடங்கில் குவித்தது. 1946இல் தொடங்கி முப்பது லட்சத்துக்கும் மேல் அங்கே கடந்துபோயின. வரிசைப்படுத்திய தொழிலாளர்களில் பலருக்கு ஹீப்ரு படிக்கத் தெரியாது. அதனால் கிடங்கின் பொறுப்பிலிருந்த பென்கோவிட்ஸ் என்ற அதிகாரி நூலக முத்திரைகளையெல்லாம் படமெடுத்து ஆல்பமாக ஒட்டினார். முத்திரையின் வடிவத்தைப் பார்த்தே இது வில்னா, இது பெர்லின் என்று பிரித்தார்கள். எழுத்தே தெரியாதவர்கள் உருவத்தை மனப்பாடம் செய்து லட்சக்கணக்கான புத்தகங்களுக்கு ஊர் கண்டுபிடித்தார்கள். நம் குழுவில் எல்லோருக்கும் எழுத்து தெரியும். ஊரைக் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

"சேகரிப்பவர்கள் வாங்காவிட்டால் இதெல்லாம் அழிந்தே போயிருக்கும்" என்று சொல்வீர்கள். தெரியும், குழுவிலேயே பலமுறை சொன்னார்கள். சேகரிப்பவர்களை நான் எதிர்க்கிறேன் என்று யார் சொன்னது? டேவிட் சாலமன் சசூனை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் பம்பாயில் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க ஹீப்ரு சுவடிகளைத் தேடித்தேடி வாங்கியவர். வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்து விவரித்து 1932இல் இரண்டு தொகுதிகளாக அட்டவணை வெளியிட்டார். அவர் 1929இல் 350 பவுண்டுக்கு வாங்கியதுதான், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான, அவர் பெயரையே தாங்கியிருக்கும் பைபிள் சுவடி. அதே சுவடி 2023 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்குப் போனது. அன்று எல்லோரும் விலையை மட்டும் பகிர்ந்தீர்கள். அந்தச் சுவடிக்குள் ஒரு குறிப்பு இருக்கிறதே, அதை யாராவது படித்தீர்களா?

சிரியாவின் வடகிழக்கே மகிசின் என்ற ஊரின் ஜெபக்கூடத்துக்குச் சொந்தமாக இருந்தது அது. ஊர் அழிந்தபோது சலாமா பின் அபி அல்-ஃபக்ர் என்பவரிடம் அதை ஒப்படைத்தார்கள். ஜெபக்கூடத்தைத் திரும்பக் கட்டியதும் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஜெபக்கூடம் திரும்பக் கட்டப்படவேயில்லை. ஆனாலும் அந்த வரி இருக்கிறது. பிறகு அது பலர் கைக்குப் போனது. நடுவில் பிரிட்டிஷ் ரயில்வேயின் ஓய்வூதிய நிதிகூட முதலீடாக வாங்கி வைத்திருந்து விற்றது. 2023இல் வாங்கியவர் அமெரிக்காவின் முன்னாள் தூதர் ஆல்ஃப்ரெட் மோசஸ். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் டெல் அவிவில் யூத மக்களின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். பணக்காரர் வாங்கினார் என்பதற்காக அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அது எங்கிருந்து கிளம்பி எப்படி வந்தது என்று உலகத்துக்கே தெரியும். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

லண்டனில் கென்ட் ஹவுஸ் என்று ஒரு கட்டடம், வெஸ்ட்மின்ஸ்டர் ஜெபக்கூடம் இருந்த இடம். நான் அங்கே போயிருக்கிறேன். இன்றைய செக் நாட்டின் போஹேமியா, மொராவியா பகுதி ஊர்களின் ஜெபக்கூடங்களிலிருந்து போர்க்காலத்தில் பிராகில் சேர்ந்த தோரா சுருள்கள், பிறகு வருடக்கணக்கில் ஈரக் கட்டடத்தில் கிடந்தன. 1964இல் ரால்ஃப் யாப்லன் என்ற கொடையாளர் செக்கோஸ்லோவாக்கிய அரசிடமிருந்து அவற்றை வாங்கி, 1,564 சுருள்களாக லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார்கள், ஊர் தெரிந்தவற்றுக்கு ஊர் எழுதினார்கள். டேவிட் பிராண்ட் என்ற தோரா எழுத்தர் தானாகவே கதவைத் தட்டி, பழுது பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சரிசெய்தார். அந்தச் சுருள்களை இன்றுவரை விற்கவில்லை. உலகம் முழுக்க ஜெபக்கூடங்களுக்கு நிரந்தரக் கடனாகத்தான் கொடுக்கிறார்கள். எரிந்த விளிம்போடும் நீர்க்கறையோடும் அடுக்கில் மிச்சமிருந்தவற்றின் முன்னால் நின்றபோது என்னால் பேச முடியவில்லை. தொழிலால் நான் தினமும் சிதைந்த காகிதம் பார்ப்பவள். அங்கே வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஊர். அந்த ஊரில் அதை எடுத்து வாசிக்க ஆள் இல்லை.

சுருளைச் சுற்றிக் கட்டும் துணி ஒன்று உண்டு, விம்பல் என்பார்கள். ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது போர்த்திய துணியை நீள நீளமாக வெட்டித் தைத்து, குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும், அவன் வேதத்துக்கும் திருமணத்துக்கும் நற்செயலுக்கும் வளரட்டும் என்ற வாழ்த்தையும் பூவேலையாகப் போட்டு ஜெபக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். ஏலப் பட்டியல்களில் அது "அலங்காரத் துணி" என்று வருகிறது. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரை ஊசியால் குத்தி எழுதியது.

"இறந்துபோன சமூகத்துக்கு யாரிடம் திருப்பிக் கொடுப்பது?" இதைத்தான் பெரிய வாதம் என்று நினைக்கிறீர்கள். 2021 பிப்ரவரியில் புரூக்ளினில் ஓர் ஏலம் அறிவித்தார்கள். பட்டியலில் ருமேனியாவின் க்ளுஜ் நகரத்து யூதர்களின் பதிவேடு ஒன்று. இறந்தவர்களை நீராட்டிப் புதைக்கும் சங்கத்தின் பதிவேடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்கள். 1944 மே, ஜூன் மாதங்களில் அந்த நகரிலிருந்து சுமார் 18,000 பேரைச் செங்கல் சூளையில் அடைத்து வைத்து ரயில் ரயிலாக ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். ஆனால் க்ளுஜில் இன்றும் சின்னதாக ஒரு யூதச் சமூகம் இருக்கிறது. அவர்கள், "அது எங்களுடையது" என்றார்கள். ஏலத்திலிருந்து அது விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் ருமேனியா, ஹங்கேரி, உக்ரைன், ஸ்லோவாகியா சமூகங்களிலிருந்து வந்த 17 சுருள்களையும் பதிவேடுகளையும் பறிமுதல் செய்தார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, "கதை தெரிந்தால்தானே சொல்ல முடியும்?" கதை சொன்னாலும் போதாது. அமெரிக்காவில் ரபை, அதாவது யூத மதகுரு, ஒருவர் ஆஷ்விட்சில் தோண்டி எடுத்தேன், பெர்கன்-பெல்சனில் தரைப் பலகைக்கு அடியில் கண்டெடுத்தேன் என்று மனதை உருக்கும் கதைகளோடு தோரா சுருள்களைக் கொடுத்து நன்கொடை வாங்கினார். எல்லாம் கட்டுக்கதை. 2012இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. இறந்தவர்களை வைத்துப் பொய் சொல்லிப் பிழைத்திருக்கிறார். கதைக்கு ஆதாரமும் கேட்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

யூதக் குடும்பங்களே தங்கள் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தையும் மெனோரா என்ற கிளை விளக்கையும் விற்கிறார்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். விற்கட்டும். அது அவர்கள் பாட்டியின் கிண்ணம்.

சரி, கெய்ரோ கெனிசா? இதைக் கேட்டவர் படித்தவர், அதனால் பதில் சொல்கிறேன். கெனிசா என்றால் ஜெபக்கூடத்தில் பழைய ஏடுகளைப் போட்டு வைக்கும் அறை. கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில் அப்படிப்பட்ட அறையில் நூற்றாண்டுகளாகக் குவிந்த கிழிந்த ஏடுகளைச் சாலமன் ஷெக்டர் அங்கிருந்த சமூகத் தலைவர்களின் அனுமதியோடு 1897இல் கேம்பிரிட்ஜுக்கு எடுத்துப்போனார். ஏறக்குறைய 1,93,000 துண்டுகள். அன்றைய அனுமதிக்கு இன்று எவ்வளவு மதிப்பு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மிளகும் இரும்பும் அனுப்பிய கணக்கை இன்று நான் என் வீட்டிலிருந்தே திறந்து பார்க்கிறேன் என்றால், அந்தத் துண்டுகளை வைத்திருப்பவர்கள் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. சுவரில் மாட்டியவரோடு அவர்களை ஒப்பிடாதீர்கள்.

இப்போது என்னை மிகவும் காயப்படுத்திய கமென்ட். "காசாவில் குழந்தைகள் சாகும்போது உனக்கு யூதப் புத்தகம் கேட்கிறதா?" காசாவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் இதே பக்கத்தில் கீழே இருக்கிறது, கேட்டவருக்குத் தெரியும், அப்போது விருப்பக்குறி போட்டவர்தான். 1944இல் செங்கல் சூளையில் அடைக்கப்பட்டவர்கள் எந்த அரசையும் நடத்தவில்லை. இறந்தவர்களின் பதிவேட்டுக்காக வருந்த நான் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

"தமிழச்சிக்கு இதில் என்ன?" என்றும் கேட்டார்கள். சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, இசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் எழுதிக் கொடுத்த செப்பேடு கொச்சியில் இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதியது. நம் கல்வெட்டுகளைப் படிக்கப் பழகியவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். அதே மலபாரின் யூதர்களிடமிருந்து சிவப்புச் சாயம் தோய்த்த தோலில் எழுதிய ஒரு தோராவை 1806இல் கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் கண்டெடுத்தார். இன்று அது கேம்பிரிட்ஜில். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் உட்புறம் ஜெருசலேமில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள். அவர்கள் பொருள் எங்கே போனது என்று கேட்க எனக்கு இதைவிட என்ன உறவு வேண்டும்?

சார், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் சண்டை போட எனக்கு ஆசையில்லை. உங்கள் நிகண்டுத் தொகுப்பை எனக்குத் திறந்து காட்டியவர் நீங்கள், அந்த மரியாதை இன்றும் இருக்கிறது. விற்றவனுக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த ஊர், யாரிடம் வாங்கினாய், எப்போது வெட்டியது என்று கேளுங்கள். பதில் வந்தால் கண்ணாடிச் சட்டத்தின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். வராவிட்டால் அந்தத் துண்டை அருகிலுள்ள யூதச் சமூகத்திடம் ஒப்படைக்க மும்பையில் யாரை அணுகலாம் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன், அனுப்பும் செலவு என்னுடையது. கீழே கமென்ட் திறந்திருக்கிறது. நீங்கள் என்ன எழுதினாலும் நான் நீக்க மாட்டேன்.