லேசர் புண் சீக்கிரம் ஆறுமா?
வாய்க்குள் செய்யும் அறுவையில் லேசர் புண் கத்திப் புண்ணைவிடச் சீக்கிரம் ஆறிவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே ஏற்க முடியவில்லை. 1964-இல் குமார் பட்டேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியைத் திசுவில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சூட்டில் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடுவதால்தான் ரத்தக்கசிவு குறைவு, பெரும்பாலும் தையலும் வேண்டாம். சரி, ஆனால் அதே சூடு புண்ணின் ஓரத்தையும் கொஞ்சம் சுட்டுவிடுகிறதே! அதனால் புதுச் சவ்வு மூடிவர ஆரம்பத்தில் தாமதமாகும். கத்தியால் வெட்டித் தைத்த புண் பெரும்பாலும் அதற்குள் ஒட்டியிருக்கும். அப்புறம், லேசர் புண்ணில் தழும்பு சுருங்கி இழுப்பது குறைவு. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அது பெரிய நன்மை; இதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். புண்மேல் வெள்ளைப் படலம் படிந்தால், சீழ் என்று பயந்து யாரும் சுரண்டிவிடாதீர்கள்.