2 விசிபியு, 4 ஜிபி என்று போட்டால் போதுமா?

ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு சின்ன பில்லிங் அப்ளிகேஷன், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இதை ஓட்ட மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு விபிஎஸ் வேண்டும், அதாவது ஒரு பெரிய சர்வரைப் பலருக்குப் பிரித்து வாடகைக்கு விடுவதில் ஒரு பங்கு. கூகுளில் தேடிப் பாருங்கள், "தலைசிறந்த பத்து" என்று வரிசையாக வந்து விழும். எல்லாவற்றிலும் அதே பெயர்கள், அதே நாலரை நட்சத்திரம், ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு கமிஷன் லிங்க். எழுதியவர் அந்த சர்வருக்குள் ஒருமுறையாவது லாகின் செய்தார் என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. இதையெல்லாம் விமர்சனம் என்று போட எப்படித்தான் மனம் வருகிறது?

சரி, நிறுவனங்களின் விலைப்பட்டியலையே நேராகப் பார்க்கலாம் என்று போனால் அது இன்னும் மோசம். 2 விசிபியு, 4 ஜிபி ரேம், 80 ஜிபி எஸ்எஸ்டி. எல்லோரும் இதையேதான் போடுகிறார்கள். விலை மட்டும் ஒருவரிடம் 5 டாலர், இன்னொருவரிடம் 24 டாலர். ஏன் இந்த வித்தியாசம் என்று யாரும் சொல்வதில்லை. விசிபியு என்று அவர்கள் விற்கும் பிராசசர் பங்கு பெரும்பாலும் ஒரு முழு கோர்கூடக் கிடையாது, ஒரு ஹைப்பர்த்ரெட், அதாவது ஒரே கோரை இரண்டாகக் காட்டுவதில் ஒன்று. அதையும் எத்தனை பேருக்குப் பங்கு போட்டு விற்றிருக்கிறார்கள்? பிராசசர் எந்த வருடத்தியது? "ஷேர்ட்" என்ற ஒரே சொல்லில் மொத்தத்தையும் மறைத்துவிடுகிறார்கள்.

மறைப்பதன் விளைவை நான் அனுபவித்தேன். கடைகளில் பில் போடும் கூட்ட நேரமான மாலையில்தான் என் அப்ளிகேஷன் திணறும். சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கமாண்டில் பார்த்தால் "எஸ்டி" என்ற எண் முப்பது சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ஸ்டீல் டைம். என் சர்வர் சிபியு கேட்டு, அது பக்கத்து ஆளுக்குப் போய்விட்டதால் சும்மா காத்துக் கிடந்த நேரம் அது. அதற்குக் காரணம் என் கோடு இல்லை. ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுவனத்துக்குப் புகார் டிக்கெட் போட்டேன். "உங்கள் அப்ளிகேஷனை ஆப்டிமைஸ் செய்யுங்கள், அல்லது பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்று பதில் வந்தது. காசு வாங்கிக்கொண்டு கொடுக்காத சிபியுவுக்கு இன்னும் காசு கொடு என்கிறார்கள். ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

அமேசானின் டி3 மைக்ரோ என்ற சின்ன சர்வரில் ஒரு விசிபியுவுக்கு அடிப்படையாக 10 சதவீதம்தான் கிடைக்கும், அதற்கு மேல் சும்மா இருக்கும்போது சேரும் கிரெடிட்டில் ஓடும் என்று ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து சதவீதம் என்பது கொஞ்சம்தான், ஆனாலும் தெரிந்து வாங்கலாம். மற்றவர்களால் ஏன் அப்படி எழுத முடியவில்லை?

அடுத்தது பேண்ட்வித், அதாவது மாதத்துக்கு எவ்வளவு டேட்டா அனுப்பலாம் என்ற வரம்பு. ஹெட்ஸ்னர் என்ற ஜெர்மன் நிறுவனம் மலிவு என்று எல்லோரும் கைகாட்டுகிறார்கள். ஜெர்மனியில் 20 டிபி (டெராபைட்) தருகிறார்கள், உண்மைதான். ஆனால் சென்னையில் இருக்கும் பயனருக்கு ஜெர்மனி தூரம், அதனால் சிங்கப்பூரை எடுத்தால் அங்கே கிடைப்பது இதில் சின்னத் துண்டு. அமேசானின் லைட்செயில் சேவையில் மும்பையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் போட்ட டேட்டாவில் பாதிதான். ஒப்பீட்டு அட்டவணை போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. சிலர் "அன்லிமிடெட்" என்று போட்டுவிட்டு, நியாயமான பயன்பாட்டு விதி என்று வேறொரு பக்கத்தில் வரம்பு வைக்கிறார்கள். அது பொய். வேறு பெயர் அதற்கு இல்லை.

பட்டியலில் பார்த்த விலையும் கடைசியில் நிற்காது. 5 டாலர் என்றால் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, கார்டுக்காரர் பிடிக்கும் வெளிநாட்டுக் கட்டணம். சில இடங்களில் சர்வரின் இணைய முகவரியான ஐபிவி4 முகவரிக்குத் தனி: அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து இசி2 என்ற தன் சர்வர் சேவையில் பொது முகவரிக்கு மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது, மாதத்துக்கு மூன்றரை டாலருக்கு மேல். சர்வரை ஆஃப் செய்து வைத்தாலும் டிஜிட்டல்ஓஷனில் பில் ஓடும், டெலீட் செய்தால்தான் நிற்கும். முதல் வருடத்துக்கு ஒரு விலை, புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கு என்று விற்கிற கூட்டம் தனி. அந்த இரண்டாவது விலையை சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில் போடுகிறார்கள். அப்புறம் 2021 அக்டோபரில் ஆட்டோ டெபிட்டுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கேட்கும் ரிசர்வ் வங்கி விதி வந்ததிலிருந்து வெளிநாட்டுத் தளங்களுக்கான ஆட்டோ டெபிட் எப்போது நிற்கும் என்றே தெரியாது. பணம் போகவில்லை என்றால் சர்வரை நிறுத்திவிடுவார்கள்.

பேக்கப் இருக்கிறது என்று ஒரு டிக் போடுகிறார்களே, அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் டேட்டாசென்டர் எரிந்தபோது சிலருக்கு சர்வரோடு பேக்கப்பும் போனது. அதற்குப் பிறகும் அட்டவணையின் அந்தக் கட்டத்தில் வெறும் டிக் மட்டும்தான்.

இப்போது நானே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, இரவு எட்டு மணிக்கு சிபியுவையும் டிஸ்க்கையும் அளக்கும் சிஸ்பெஞ்ச், எஃப்ஐஓ ஓட்டி, சென்னையிலிருந்து நெட்வொர்க் தாமதத்தைக் காட்டும் எம்டிஆர் போட்டுப் பார்க்கிறேன். காசும் நேரமும் என்னுடையது. ஆனால் இந்த எண்களெல்லாம் விற்கிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கோரை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த எண்ணையும் புதுப்பிக்கும் விலையையும் முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடட்டும். அதுவரை என் வாடிக்கையாளர் யாருக்கும் எந்த நிறுவனத்தையும் பட்டியலை வைத்துப் பரிந்துரைக்கப் போவதில்லை.