தோட்ட வீட்டுக்கு முதல் துப்பாக்கி: வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக வசித்த முதிய தம்பதி கொலையுண்டு கிடந்த செய்தி வந்தது. அதிலிருந்து, நத்தம் சாலையிலும் அழகர்கோவில் மலையடிவாரத்திலும் வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கங்களிலும் காட்டுக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் உறவினர்கள் பலர், தற்காப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் தந்தையார் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமான பின் வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு உரிமம் மாறி வந்திருப்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையைச் சுற்றியுள்ள தனித் தோட்ட வீட்டுக்கு முதல் துப்பாக்கி என்று ஒன்று உண்டென்றால், அது 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிதான், பெரும்பாலோர் ஆசைப்படும் .32 ரிவால்வர் அன்று. ஆனால் அதைப் பழகுவதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்களும், வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவரையோ மனம் உடைந்திருப்பவரையோ வைத்திருப்பவர்களும் எந்தத் துப்பாக்கியையும் வாங்கக் கூடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

நம் ஊரில் கேட்கிறவர்களில் பாதிப் பேர் 9 எம்.எம். பிஸ்டல் கிடைக்குமா என்றுதான் தொடங்குகிறார்கள். கிடைக்காது. 9 எம்.எம்., .38, .45 போன்றவை நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட விட்டத்தைச் சேர்ந்தவை. பொதுமக்களுக்கான வழக்கமான உரிமத்தில் அவை வரமாட்டா. 1980களின் நடுப்பகுதியில் தனியார் பயன்பாட்டுக்கான இறக்குமதி நின்றுபோனதால், சாதாரண மனிதர் புதிதாக வாங்குவது பெரும்பாலும் உள்நாட்டுத் தயாரிப்பாகத்தான் இருக்கும். கைத்துப்பாக்கி என்றால் .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல், நீள்குழல் என்றால் 12 போர் என்று தேர்வு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. 2014இல் பெண்களுக்கென்று சொல்லி அறிமுகப்படுத்தப்பட்ட நிர்பீக் ரிவால்வரும் .32 தான், சுமார் அரைக் கிலோ எடை, அப்போதே ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய் விலை.

ரிவால்வரை நான் ஏன் முதலில் வைக்கவில்லை என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் கடையில் கையில் எடுத்துப் பார்த்தவுடனே மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது. சிறியது, தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆறு தோட்டா இருக்கிறது, ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் குறுகிய குழலுள்ள கைத்துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுவது, துப்பாக்கி வகைகளிலேயே கற்றுக்கொள்ள மிகக் கடினமான வேலை. பகலில், நிதானமாக நின்று, பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுடும்போதே புதியவரின் குண்டு எங்கெங்கோ போகும். நள்ளிரவில் தூக்கம் கலைந்து, கை நடுங்கும்போது எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. விசையை இழுக்கும் விரலின் அழுத்தமே குழலின் நுனியைக் கீழே தள்ளிவிடும். பிஸ்டலில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும், அறுபது வயதைத் தாண்டியவர்களின் கைக்கு அந்த இழுப்பு எளிதில் வசப்படுவதில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருப்பவர் இரவில் நகையோடும் பணத்தோடும் பயணம் செய்ய வேண்டியிருந்தால், மாதம் தவறாமல் பயிற்சிக்குப் போகவும் அவருக்கு மனம் இருந்தால், ரிவால்வருக்கு நியாயம் உண்டு. ஒரே இடத்தில் இருக்கும் வீட்டைக் காக்க அது பொருத்தமான கருவி அன்று.

12 போர் இரட்டைக்குழலை நம் ஊரில் எல்லோரும் வங்கி வாசலில் காவலரின் கையில் பார்த்திருப்பார்கள். பழைய பாணி என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். அதன் பழமையைத்தான் நான் மதிக்கிறேன். மடக்கினால் இரண்டு குழலும் திறந்து, தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். துப்பாக்கி காலி என்று நினைத்து ஏற்படும் விபத்தைத் தவிர்க்க இதைவிடத் தெளிவான அமைப்பு கிடையாது. இரண்டு குழலும் தனித்தனியாக இயங்குவதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். தோளில் ஊன்றி இரண்டு கையாலும் பிடிப்பதால் குறி நிலைக்கும். ஆயுதச் சட்டமே, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ள, உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் குடிமகன் கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுகிறது. கைத்துப்பாக்கி கேட்பவரோ அதற்கான தேவையை அதிகாரிக்குத் தெளிவாக நிறுவ வேண்டியிருக்கிறது. திருச்சி படைக்கலத் தொழிற்சாலை தயாரிக்கும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியையும், அதாவது குழலடிப் பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையையும், சிலர் கேட்கிறார்கள். நல்ல ஆயுதம்தான், ஆனால் பதற்றத்தில் பாதி இழுத்து விட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும் என்பதால், முதல் துப்பாக்கியாக நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரட்டைக்குழலுக்கும் குறைகள் உண்டு. அது ஏறத்தாழ மூன்று கிலோ கனக்கும். கட்டையைத் தோளோடு சரியாக அணைக்காவிட்டால் உதை பலமாக விழும். நீளமானது என்பதால் சிறிய அறைக்குள் திருப்புவது கடினம். எஸ்.ஜி., எல்.ஜி. தோட்டாக்களின் பெரிய ஈயக் குண்டுகள் பிளைவுட் கதவைத் துளைத்து அடுத்த அறையில் படுத்திருப்பவர் மேல் பாயக்கூடும். ஆகவே சிம்மக்கல், செல்லூர் போன்ற, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள பகுதியில் குடியிருப்பவருக்கு நான் எந்தத் துப்பாக்கியையும் பரிந்துரைப்பதில்லை. அங்கே உரக்கச் சத்தம் போட்டால் பத்து வீடு விழித்துக்கொள்ளும். அதைவிட நல்ல பாதுகாப்பு துப்பாக்கியில் இல்லை.

சட்டத்தைப் பற்றி. உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மதுரை மாநகருக்குள் என்றால் காவல் ஆணையரிடமும், மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பம் போகிறது. காவல் நிலைய விசாரணையும், மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றும் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். உரிமம் கிடைக்கத் தாமதமாகிறது என்று மலையோர ஊர்களில் ரகசியமாகக் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கியை யாரும் நாடிவிட வேண்டாம். சிறைத் தண்டனை ஒருபுறம் இருக்க, அந்தக் குழல் எப்போது வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கும் என்று செய்தவருக்கே தெரியாது. உரிமம் தேவைப்படாத ஏர்கன்னை மிரட்டுவதற்காக வாங்குவதும் தவறு. அரிவாளோடு நிற்பவன் எதிரே அதை நீட்டினால் அவன் வெட்டத்தான் செய்வான், தடுக்க அதற்குச் சக்தி கிடையாது.

இனி நான் மிகவும் வலியுறுத்த நினைப்பதற்கு வருகிறேன். துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காட்சியை மனத்தில் வைத்திருக்கிறார்கள்: திருடன் வருகிறான், நாம் துப்பாக்கியை எடுக்கிறோம், அவன் ஓடுகிறான். எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்கள் கணக்கிடுவதில்லை. 1983இல் அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்று எழுதினார். இடுப்பிலேயே துப்பாக்கியைத் தொங்கவிட்டிருக்கும் காவலருக்கே அந்த நேரம் போதாமல் போகலாம் என்பதுதான் அவர் சொன்னது. நம் வீட்டில் துப்பாக்கி பூட்டிய பீரோவில் இருக்கும், தோட்டா வேறொரு பெட்டியில் இருக்கும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அப்படித்தான் இருக்கவும் வேண்டும். திறந்து, எடுத்து, தோட்டா போட்டு, மூடி நிமிர ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடத்தைத் துப்பாக்கி தராது. இரும்புக் கிரில் கேட்டும், உள்ளிருந்து குறுக்குக்கட்டை போடும் கனமான நிலைக்கதவும், களத்து வெளிச்சமும், முற்றத்தில் நிற்கும் கோம்பை நாயோ சிப்பிப்பாறை நாயோதான் தரும். எனவே முதலில் செலவழிக்க வேண்டியது இவற்றுக்கே. அந்த நிமிடத்துக்குள் 112க்கு அழைப்பதும், பக்கத்துத் தோட்டக்காரரை அழைப்பதும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் பழகியிருக்க வேண்டும். வந்தவன் கதவுக்கு வெளியே நிற்கும்வரை துப்பாக்கியோடு நாம் கதவுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். மோட்டார் அறையில் சத்தம் கேட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கக் கூடாது. அங்கே நிற்பது தண்ணீர் பாய்ச்ச வந்த நம் வேலையாளாகக்கூட இருக்கலாம்.

தேர்தலையும் மறக்க வேண்டாம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடந்தது. அறிவிப்பு வந்தவுடன் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்; நன்னடத்தை விதிகள் விலகும்வரை அது அங்கேதான் இருக்கும். உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று மாறிமாறி வரும்போது, வீட்டின் முழுப் பாதுகாப்பையும் அந்த ஒரு கருவியின் மேல் சுமத்தியவர் அந்த மாதங்களில் வெறுங்கையோடு இருப்பார்.

சுட்ட பிறகு நடப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளிக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். கொள்ளைக்கும், சூரியன் மறைந்து உதிக்கும்வரையிலான நேரத்தில் வீடு உடைத்து நுழைவதற்கும் உடைமையைக் காக்கும் உரிமை அதே அளவுக்குச் செல்லும். ஆனால் 37ஆம் பிரிவு இரண்டு வரம்புகளை வைக்கிறது: அதிகாரிகளின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யவும் கூடாது. ஆட்டைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. தற்காப்புக்காகவே சுட்டேன் என்று காட்டும் பொறுப்பு நீதிமன்றத்தில் சுட்டவருடையது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும் என்றாலும், வழக்கு முடியும்வரை துப்பாக்கி சாட்சிப் பொருளாகப் போய்விடும், குடும்பமும் நீதிமன்றத்துக்கு அலையும். உயிர் போகும் என்ற நிலையில் இதெல்லாம் பொருட்டல்ல. மற்ற நிலைகளில் எல்லாமே பொருட்டுதான்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பிழைப்பதில்லை என்று அங்குள்ள ஆய்வுகள் காட்டுகின்றன. கடனில் மூழ்கி, மழை பொய்த்து, பூச்சிமருந்து டப்பாவைப் பார்த்து நிற்கும் விவசாயியை நாம் அறிவோம். மருந்து குடித்தவரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்ற ஒரு வாய்ப்பாவது உண்டு. துப்பாக்கி அந்த வாய்ப்பைத் தராது. ஆகவே வீட்டில் யாருக்காவது அப்படிப்பட்ட காலம் என்றால், உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

இவ்வளவுக்கும் பிறகும் வாங்குவது என்று முடிவெடுத்தவருக்குச் சில வார்த்தைகள். துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பாருங்கள். வீட்டில் அதைக் கையாளப்போகிற இன்னொருவருக்கும் உரிமமும் பயிற்சியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் அதைத் தொடவே கூடாது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள், சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வையுங்கள், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தோட்டாக்களை ஈரமில்லாத இடத்தில் வைத்து, பித்தளை அடிப்பகுதியில் பச்சை பூத்தவற்றைக் கழித்துவிடுங்கள். பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்பது உரிமம் உள்ளவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும். உரிமதாரர் காலமாகிவிட்டால், பதினாறாம் நாள் முடியட்டும் என்று காத்திராமல், துப்பாக்கியையும் தோட்டாவையும் உரிமப் புத்தகத்தையும் உடனே காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அதன்பிறகு வாரிசு விண்ணப்பத்தைப் போடச் சொல்லிப் பிள்ளைகளிடம் இப்போதே எழுதிக் கொடுத்து வையுங்கள்.