பதக்கத்தை விட்டுவிட்டு காணி உறுதியை எடுத்துச் சென்றவர்

திருகோணமலையில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேச்செழுந்தால், உப்புவெளியிலுள்ள போர் மயானமும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்தப் போரில் சீருடை அணிந்து நின்ற நம்மூர்த் தமிழர்களைப் பற்றி நாம் பேசுவது அரிது. 97 வயது வரை வாழ்ந்து மறைந்த எங்கள் அப்பப்பா அவர்களுள் ஒருவர்.

1937இல் தோற்றுவிக்கப்பட்டு, 1943இல் பிரித்தானியக் கடற்படையின் கீழ் கொண்டுவரப்பட்ட இலங்கைக் கடற்படைத் தொண்டர் அணியில், இருபது வயது நிரம்பும் முன்பே அவர் சேர்ந்திருந்தார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது அவர் கடமையில் இருந்தார். முதல் நாளிரவு இங்கிருந்து புறப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றையெல்லாம் நாங்கள் பிற்காலத்தில் படித்துத்தான் அறிந்தோம். எண்ணெய்த் தாங்கி எரிந்த நாள்களில் கொடியில் காய்ந்த வேட்டிகளில் கரி படிந்ததையும், மகன் உயிரோடு இருக்கின்றானா என்று அறியத் தம் தாயார் தளத்து வாயிலில் கால்கடுக்க நின்றதையுமே அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

போர் முடிந்ததும் கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, மணமுடித்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். அவருடைய வீரம் அங்கேதான் தொடங்குகிறது என்பது எனது உறுதியான எண்ணம். 1990இல் சண்டை மூண்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது, அப்பம்மாவின் மருந்துகளையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் அடைத்து எடுத்துக்கொண்டவர், தமது போர்ப் பதக்கத்தை அலுமாரியிலேயே விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அதைப் பற்றி யாரேனும் கேட்டால், "பிள்ளையள் எல்லாரும் வந்து சேர்ந்திட்டினம்தானே" என்பார்.

அப்பம்மாவின் பார்வை மங்கிய பின்னர், நாள்தோறும் மாலையில் அவரைப் பின்விறாந்தை வாங்கில் இருத்தி, தேங்காயெண்ணெய் தடவி, சிக்கெடுத்து, தலை பின்னிவிடுவார். தொடக்கத்தில் பின்னல் கோணலாக வந்தது. பேத்திகளிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். மனைவிக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதையே குறைவாகக் கருதிய ஆண்கள் நிறைந்த தலைமுறை அது. அவரோ, வீட்டுக்கு ஆட்கள் வந்து காத்திருந்தாலும், பின்னி முடித்து நுனியில் நாடா கட்டிய பிறகே எழுந்து வருவார்.

போர் மயானத்தில் மலர்வளையம் வைப்பது வேண்டியதே. ஆயினும் பிழைத்து வந்து, அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பத்தைத் தாங்கியவர்களின் வாழ்வு, மரண அறிவித்தலின் நான்கு வரிகளோடு முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் அக்காலத்தில் பணியாற்றியவர்களின் பிள்ளைகள் பலர் இன்னும் திருகோணமலையில் இருக்கின்றனர். தந்தையரிடம் கேட்டவற்றையும் வீட்டில் கண்டவற்றையும் அவர்கள் எழுதிவைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில், பிள்ளைகள் ஐவரின் பிறந்த நேரத்தையும் நட்சத்திரத்தையும் அப்பப்பா தம் கைப்பட எழுதிய கொப்பியை வைத்துக்கொண்டு பெரிய அத்தை சொல்லத் தொடங்கியிருக்கிறார். நான் எழுதி வருகிறேன்.