பால் அட்டையும் சர்வர் வாடகையும்

எங்கள் வீட்டில் ஆவின் பால் அட்டை உண்டு. தினமும் ஒரு லிட்டர், மாதப் பணம் முன்பே கட்டிவிடுவோம், கடை விலையைவிடக் கொஞ்சம் குறைவு. விருந்தாளி வந்தால் மட்டும் கடையில் கூடுதலாக ஒரு பாக்கெட். அம்மா இதற்கு எக்செல் எதுவும் போட்டதில்லை. ஆனால் நான், பட்டம் பெற்ற பொறியாளன், இரண்டு வருடம் சர்வருக்குக் கடை விலையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜவுளிக் கடைகளுக்கான ஒரு சின்ன பில்லிங் மென்பொருள் எங்களுடையது. அது ஓடுவது அமேசான் வாடகைக்குவிடும் கணினிகளில்: அவர்களின் மும்பை மையத்தில் இரண்டு சர்வர்கள், ஒரு டேட்டாபேஸ். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம்தான் கூட்டம், மற்றபடி வருடம் முழுக்க ஒரே சீரான ஓட்டம். அப்படியிருந்தும் ஆன் டிமாண்ட் விலையில்தான், அதாவது முன்வாக்கு எதுவுமின்றி ஓடிய நேரத்துக்கு மட்டும் கட்டும் அந்தக் கடை விலையில்தான், ஓட்டினேன். "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமே" என்று நினைப்பு. அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நிறுத்தவில்லை.

கணக்கு எளிது. மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம். மணிக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,840. ஒரு வருடம் வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் 40 சதவீதம் குறைகிறது என்று வைப்போம், 3,504 ஆகிவிடும். அதாவது வருடத்தில் 219 நாளுக்கு மேல் ஓடும் எந்த சர்வருக்கும் வாக்குக் கொடுப்பதே லாபம். நம்முடையது 365 நாளும் ஓடுகிறது. (பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அதுவும் அதே விகிதத்தில் குறையும்.)

இப்படி வாக்குக் கொடுக்க அமேசானில் இரண்டு வழி. 2009-இல் வந்த ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் (குறிப்பிட்ட வகை சர்வருக்கு வாக்கு), 2019-இல் வந்த சேவிங்ஸ் பிளான் (செலவுத் தொகைக்கு வாக்கு). பின்னதில் "மணிக்கு இத்தனை டாலர் செலவழிப்பேன்" என்று ஒப்புக்கொள்கிறோம். அதிலேயே ஒரு வகை, ஒரே ஊர் மையத்தில் ஒரே சர்வர் குடும்பத்தோடு (ஒரே வகை, பல அளவு) கட்டிப்போடும், 72 சதவீதம் வரை தள்ளுபடி. இன்னொரு வகையில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், 66 சதவீதம் வரை. நான் இந்த இரண்டாவது வகையை எடுத்தேன். நாளைக்கு அமேசானின் சொந்தச் சிப்பான கிராவிட்டானில் ஓடும் சர்வருக்கு மாறினாலும் தள்ளுபடி கூடவே வரும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். ஒரு மணி நேரத்தில் பயன்படுத்தாத தொகை அடுத்த மணிக்குப் போகாது, அங்கேயே காலி. பால் அட்டையாவது பரவாயில்லை, நாம் ஊரில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொள்வார். அதனால் வருடத்திலேயே மிகக் குறைவாக ஓடும் நாளில் எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். தீபாவளிக்குச் சேர்க்கும் மூன்றாவது சர்வரை நான் இன்றும் கடை விலைக்கே வாங்குகிறேன்.

அமேசானிடம் சும்மா கிடக்கும் சர்வர்களை மலிவாகத் தரும் ஸ்பாட் விலையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். 90 சதவீதம் வரை மலிவு, உண்மைதான். ஆனால் இரண்டே நிமிட அவகாசத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

தள்ளுபடியைவிட எனக்கு அதிகம் மிச்சமானது வேறொன்றில். வாக்குக் கொடுப்பதற்கு முன் சர்வரின் மூளையான சிபியூ எவ்வளவு வேலை செய்கிறது என்ற மூன்று மாத வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். 15 சதவீதத்தைத் தாண்டவே இல்லை! சர்வரின் அளவை ஒரு படி இறக்கினால் விலை நேர்பாதி. அந்த 5,840 முதலில் 2,920 ஆகி, அதன்மேல் தள்ளுபடியும் சேர்ந்து 1,752-இல் வந்து நிற்கும். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் அந்தப் பெரிய அளவுக்கே ஒரு வருடம் கட்டுண்டிருப்பேன்.

மூன்று வருடத் திட்டம் இன்னும் மலிவுதான். எனக்குத் துணிவில்லை. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனி மூன்று வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று யார் சொல்வது? முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால் கிடைக்கும் கூடுதல் தள்ளுபடியையும் விட்டுவிட்டேன். அந்தப் பணம் சம்பளத்துக்கு வேண்டும்.

அப்புறம், வருடம் முடிந்ததும் இது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், விலை மட்டும் சத்தமில்லாமல் பழையபடி ஏறிவிடும். பால் அட்டைக்காவது அம்மா ஞாபகப்படுத்துவார். இதற்கு செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன், முடிவதற்கு இரண்டு வாரம் முன்னால்.